மார்கழி மேடையும் மாடவீதிக் கடைகளும்

(இரண்டாமாண்டு மின்னியல் மாணவன்)



“சீசன் வந்தாச்சு” என்று யாராவது சொன்னால் நம் வகுப்பில் பாதிப் பேர் கிரிக்கெட்டைத்தான் நினைப்பார்கள். தென்காசிப் பக்கத்து நண்பர்கள் குற்றால அருவியை நினைப்பார்கள். ஆனால் சென்னையில் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகர் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள். அங்கே சீசன் என்றால் ஒன்றே ஒன்றுதான். டிசம்பர் இசை விழா!

இசை விழாவைப் பற்றி பாலிடெக்னிக் மலரில் எழுத உனக்கென்னப்பா தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்கு ராகம் தெரியாது. தாளம் போடச் சொன்னால் பெஞ்சில் தட்டத்தான் தெரியும். ஆனால் சபாக்களின் வாசல் எனக்கு நன்றாகத் தெரியும். எங்க அப்பா மயிலாப்பூரில் ஒரு தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். அம்மா பூ கட்டி விற்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அரங்கத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை மற்றவர்கள் எழுதட்டும். வாசலுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதை எழுதும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். சீசனால் சென்னைக்குப் பெரும் கூட்டம் வருகிறது, பணமும் வருகிறது. ஆனால் அரங்க வாசலிலேயே பிழைக்கும் சின்னக் கடைக்காரருக்கு அதில் கிடைப்பது மிகக் குறைவு. அவருக்கு உழைப்பும் உண்டு, தொழிலும் தெரியும். அவருக்கு இல்லாதவை இரண்டு. என்ன நிகழ்ச்சி, எப்போது முடியும் என்ற தகவல் இல்லை. நிலையாக நிற்க ஓர் இடம் இல்லை. இரண்டையும் கோடிகள் செலவழிக்காமலே கொடுத்துவிடலாம். கொடுக்கும் வேலையில் நமக்கும் பங்கு உண்டு.

சீசன் வளர்ந்த கதை

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அதன் பலனாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. அதற்கும் முன்பே, 1900-லேயே, திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபா தொடங்கியாகிவிட்டது. தமிழ்ப் பாட்டுக்கு மேடை வேண்டும் என்ற குரல் எழுந்து 1943-ல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து, இன்று சென்னையின் டிசம்பர் மாதமே சபாக்களின் மாதம் என்றாகிவிட்டது.

பாட்டோடு முடிவதும் இல்லை. நாட்டியம், நாடகம், ஹரிகதை எல்லாம் உண்டு. இசைக் கச்சேரிகள் ஓயும்போது நாட்டிய விழாக்கள் தொடர்கின்றன. 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சியும் இந்தச் சமயத்தை ஒட்டியே வருகிறது. பொங்கலையொட்டி நாட்டுப்புறக் கலைஞர்களைத் தெருவுக்கும் பூங்காவுக்கும் கொண்டுவந்த சென்னை சங்கமம் 2007-ல் தொடங்கியது. இடையில் நின்றுபோய் 2023-ல் மறுபடியும் வந்தது. மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் ஜனவரியில் கோலப் போட்டி நடக்கும்போது தெருவே பெண்களால் நிரம்பியிருக்கும். ஆக, டிசம்பர் தொடங்கி ஜனவரி கடைசி வரை சென்னைக்குக் கலைக் காலம்தான்.

2017-ல் யுனெஸ்கோ நிறுவனம் தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில், இசைப் பிரிவில், சென்னையைச் சேர்த்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அந்தப் பட்டியலின் நோக்கமே, கலையைக் கொண்டு நகரத்து மக்களின் வாழ்வும் தொழிலும் வளர வேண்டும் என்பது. அப்படியானால் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டாமா? எந்த மக்கள்? எந்தத் தொழில்?

பாட்டுக்குப் பின்னால் இருக்கும் கைகள்

மேடையில் மூன்று நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

மிருதங்கத்தையே எடுத்துக்கொள்வோம். பலா மரத்தைக் குடைந்து உடல் செய்கிறார்கள். பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்கள் வேண்டும். வலந்தலைக்கும் இடந்தலைக்கும் தோலை அளவாக வெட்டி, வார் இழுத்துக் கட்டி, சுருதிக்குக் கொண்டுவருவதற்குள் விரல் நொந்துவிடும். இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். பாடகர் டி.எம்.கிருஷ்ணா 2020-ல் அவர்களைப் பற்றி ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். வாசிப்பவருக்குக் கிடைக்கும் கைதட்டலில் செய்தவருக்கு எத்தனை சதவீதம் போய்ச் சேருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நாட்டியம் என்றால் உடை தைக்கும் தையல்காரர், சலங்கை கோர்ப்பவர், கோயில் நகை செய்பவர், ஒப்பனைக்காரர். கச்சேரி என்றால் மைக் செட், விளக்கு, பந்தல், நோட்டீஸ் அச்சடிப்பவர், மாலை கட்டுபவர், பொன்னாடை விற்பவர். ரசிகர்கள் என்றால் ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர், இளநீர்க்காரர். எங்க அப்பாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீசனில் அவருக்குப் பட்டுப்புடவையும் ஜிப்பாவும் நிறைய வரும். பட்டுக்குக் கரிப்பெட்டியின் சூடு ஒரு மாற்று குறைவாக இருக்க வேண்டும். மேலே வெள்ளைத் துணி போட்டுத்தான் தேய்க்க வேண்டும். அதுவும் ஒரு கலைதான்!

சபா கேன்டீன்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அறுசுவை நடராஜன் போன்றவர்களின் சமையலால் கேன்டீனுக்கே தனிப் புகழ் வந்தது. பாட்டு கேட்க வருகிறவர்களைப் போலவே சாப்பிட மட்டும் வருகிறவர்களும் உண்டு. மிருதங்கத் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காபிக்குப் போகிறவர்களைப் பற்றிய கிண்டல் சென்னையில் ரொம்பப் பழசு. கேன்டீன் நடத்துபவர் சம்பாதிப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவரும் அடுப்படியில் வெந்துதான் சம்பாதிக்கிறார். என் ஆதங்கம், மதிற்சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களைப் பற்றித்தான்.

அரங்க வாசலை நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது என்பது 2020 டிசம்பரில் தெரிந்தது. கொரோனாவால் அரங்கங்கள் மூடிக் கிடந்தன. பல கச்சேரிகள் இணையத்துக்குப் போயின. பாடகர் வீட்டிலிருந்தும் பாடலாம். ரசிகர் வீட்டிலிருந்தும் கேட்கலாம். ஆனால் செல்போன் வழியாக ஒரு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொள்ள முடியுமா? ஒரு டம்ளர் டீ குடிக்க முடியுமா? பாட்டு நிற்கவில்லை, வாசல் வியாபாரம் மட்டும் நின்றது.

முதல் குறை: தகவல்

மார்கழியில் மல்லிகை விலை தாறுமாறாக ஏறும். பனியால் செடியில் பூ குறைந்துவிடுவதுதான் காரணம். கிலோ ஆயிரக்கணக்கில் போகும் நாட்களும் உண்டு. அம்மா விடியற்காலையில் கோயம்பேடு போய் வாங்கி வருவார். எத்தனை வாங்குவது? அதுதான் தினமும் சூதாட்டம். குறைவாக வாங்கினால் வந்த ஆளுக்குக் கொடுக்க முடியாது. அதிகம் வாங்கினால் ராத்திரி வாடிப்போன பூவோடு வீட்டுக்கு வர வேண்டும். பூ என்ன, இரும்பா? நாளைக்கு விற்கலாம் என்று எடுத்து வைக்க முடியாதே!

போன சீசனில், வாடிக்கையாகப் பூ வாங்கும் ஒரு வயதான மாமி, தன்னிடம் இருந்த நிகழ்ச்சிப் புத்தகம் ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது முழுக்க ஆங்கிலம். அம்மா அதைப் பூக்கூடையின் அடியில் விரித்துப் போடத்தான் பார்த்தார். நான் வாங்கிப் புரட்டினேன். எந்த அரங்கம், என்ன தேதி, எத்தனை மணி, பாட்டா நாட்டியமா நாடகமா என்று எல்லாமே அதில் இருந்தது. ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் தமிழில் எழுதினேன். நாட்டியம் இருக்கும் நாளுக்குச் சிவப்பு, பெரிய பாடகர் பாடும் நாளுக்கு நீலம், கூட்டம் குறைவாக இருக்கும் நாளுக்கு ஒன்றும் இல்லை. கச்சேரி எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் பக்கத்தில் குறித்தேன்.

நாட்டிய மேடைக்குத் துணிப்பூவும் காகிதப்பூவும் வந்துவிட்டாலும், பார்க்க வரும் பெண்கள் நிஜப் பூதான் வாங்குகிறார்கள். சிவப்பு நாட்களில் அம்மா கூடுதலாக வாங்கினார். ஒன்றும் குறிக்காத நாட்களில் பாதிதான் வாங்கினார். முன்பெல்லாம் வாரத்தில் நாலு நாள் பூ மிஞ்சும். அந்த மாதம் வாரத்துக்கு ஒரு நாள் மிஞ்சினாலே அதிகம். அம்மா அட்டையைப் பார்த்துச் சொன்னது இதுதான்: “அவ்ளோதானா கண்ணு? இத தெரிஞ்சுக்காமத்தான் இத்தினி வருஷம் கூடையத் தூக்கிக்கினு அலைஞ்சேனா?”

நண்பர்களே, அம்மா புதிதாக எந்தத் தொழிலும் கற்கவில்லை. ஒரு ரூபாய் கடன் வாங்கவில்லை. அவர் கையிலேயே இருந்த, அவரால் படிக்க முடியாத ஒரு தகவல் அவருக்குப் புரியும்படி ஆனது. அவ்வளவுதான். ரசிகருக்கு அட்டவணை அச்சடிக்கிறார்கள். விளம்பரதாரருக்கு அனுப்புகிறார்கள். பத்திரிகையில் பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள். கடைக்காரருக்கு ஓர் அட்டவணை வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மியூசிக் அகாடமியின் பெரிய அரங்கில் சுமார் 1,600 பேர் உட்காரலாம். அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் வெளியே வரும் அந்த அரைமணி நேரம் எப்போது என்று தெரிந்த டீக்கடைக்காரரும் தெரியாத டீக்கடைக்காரரும் ஒன்றாக முடியுமா?

இரண்டாம் குறை: இடம்

தகவல் தெரிந்தால் மட்டும் போதுமா? நிற்க இடம் வேண்டுமே!

அதே சீசனில் ஒரு நாள், ஓர் அரங்கத்தில் பெரிய பாடகர் கச்சேரி. மத்தியானமே அரங்கத்துக் காவலாளி வந்து அப்பாவிடம், “வண்டிய எடுத்துடுப்பா, கார் நிக்கணும்” என்றார். அப்பா நிற்பது அரங்கத்தின் இடம் அல்ல, பொதுத் தெரு. பதினைந்து வருடமாக அங்கேதான் நிற்கிறார். ஆனால் எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லாத மனுஷன். சூடான கரிப்பெட்டியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். இளநீர்க்காரரும் போனார். துணி கொடுத்தவர்கள் வந்து தேடிவிட்டுத் திட்டினார்கள். அதே சாயங்காலம் அரங்க வளாகத்துக்குள் ஒரு பெரிய கம்பெனி குடை நட்டு, மேசை போட்டு, தன் சரக்கை இலவசமாகக் கொடுத்து விளம்பரம் செய்துகொண்டிருந்தது. அதற்கு இடம் இருந்தது.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது! தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்க 2014-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. சரக்கு விற்பவர் மட்டுமல்ல, தெருவில் சேவை செய்து பிழைப்பவரும் அதில் சேர்த்தி. அப்படிப் பார்த்தால் இஸ்திரி வண்டியும் அதற்குள் வரும். நகரத்துக்கு ஒரு விற்பனைக் குழு வேண்டும். அதில் நூற்றுக்கு 40-க்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அந்தப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். எங்க அப்பாவுக்குக் கிடைத்த முன்னறிவிப்பு முப்பது நிமிஷம் கூட இல்லை.

மறுப்பவர்களுக்குச் சில வார்த்தை

“நடைபாதை நடப்பவர்களுக்குத்தானே?” என்பார்கள். உண்மைதான். கச்சேரிக்கு வருபவர்களில் தடி ஊன்றி வரும் முதியவர்கள் நிறைய. அவர்கள் வழியை மறிக்க யாருக்கும் உரிமை இல்லை. அதனால்தான் இடத்தைக் கோடு போட்டுக் குறிக்கச் சொல்கிறேன். கோடு இல்லாத இடத்தில்தான் கடையும் காரும் ஆளும் முட்டிக்கொள்கின்றன. நடைபாதையில் ஏறி நிற்கும் கார்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

“சபாக்களே நன்கொடையிலும் விளம்பரத்திலும்தான் ஓடுகின்றன, அவர்கள் தலையில் இதையும் ஏற்றுவதா?” என்பார்கள். நான் சபாக்களிடம் பணம் கேட்கவில்லை. நவம்பரிலேயே தயாராகிவிடும் நிகழ்ச்சி அட்டவணையின் ஒரு பிரதியைத்தான் கேட்கிறேன்.

“சுத்தம் இருக்காதே!” என்பார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு சின்ன வண்டிக்கும் உண்டு. தண்ணீர்க் குழாயும் குப்பைத் தொட்டியும் பக்கத்தில் இருந்தால் சுத்தம் தானாக வரும். 2024 டிசம்பரில் மெரினாவில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் உணவுத் திருவிழா நடந்தது. பல மாவட்டத்துப் பெண்கள் வந்து சமைத்து விற்றார்கள். ஏற்பாடு சரியாக இருந்தால் எளிய மக்களின் கை நகரத்துக்கே சோறு போடும் என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

நம் நண்பர்களிலேயே சிலர், “அது அவங்க விழா மச்சான், நமக்கு எதுக்கு?” என்பார்கள். அரங்கத்துக்குள்ளே நம்மைப் போன்றவர்கள் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதை மாற்ற முயன்றவர்களும் உண்டு. பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-ல் மீனவ மக்களோடு சேர்ந்து கலை விழா தொடங்கினார்கள். கச்சேரியும் பறையும் ஒரே மேடையில் கேட்டன. ஆனால் ரசனை மாறும் வரை வயிறு காத்திருக்காது. தோலும் பூவும் தையலும் விளக்கும் நம்முடையவை என்றால் விழாவிலும் நமக்குப் பங்கு இருக்கிறது. பங்கைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் என்ன?

செய்ய வேண்டியவை

1. கடைக்காரர் அட்டவணை: ஒரே தாள், தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். தெருவாரியாக அரங்கம், தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை இருக்கை, என்ன வகை நிகழ்ச்சி என்பது போதும். நவம்பர் கடைசியில் டீக்கடைச் சுவரிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் ஒட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் புரியும்படி நாட்டியத்துக்குச் சலங்கைப் படம், பாட்டுக்குத் தம்புராப் படம் போடலாம். புத்தகக் காட்சிக்கும் சென்னை சங்கமத்துக்கும் இதே தாள் உதவும்.

2. கோடு போட்ட இடம்: ஒவ்வொரு பெரிய அரங்கத்தைச் சுற்றியும் நடப்பவர்களுக்கு வழி விட்டு, சில சதுரங்களைச் சுண்ணாம்பால் குறிக்க வேண்டும். அந்தத் தெருவில் வருடம் முழுக்க நிற்பவருக்கே முதல் உரிமை. மீதி இடங்களைச் சுழற்சி முறையில் கொடுக்கலாம். டில்லியில் 1994-ல் தொடங்கிய டில்லி ஹாட்டில் கைவினைஞர்களுக்கு 15 நாளுக்கு ஒருமுறை கடை மாற்றிக் கொடுக்கும் முறை உண்டு. நாம் வாரத்துக்கு ஒருமுறை மாற்றலாம். இந்தச் சதுரங்களில் பெரிய கம்பெனிக் குடை எதற்கும் அனுமதி கூடாது.

3. பக்கத்துத் தெருவில் வாங்கு: மாலை, பொன்னாடை, அச்சு வேலை, பாக்குமட்டைத் தட்டு என்று விழாக் குழுக்கள் எவ்வளவோ வாங்குகின்றன. அவற்றில் முடிந்ததை அரங்கத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலேயே வாங்கட்டும். ஒரு சபாவுக்கு இது சின்ன மாற்றம். மாலை கட்டும் குடும்பத்துக்கு ஒரு மாதச் சம்பளம்.

4. செய்தவருக்கு மரியாதை: அரங்க முகப்பில் ஒரு மேசை போட்டு, மிருதங்கம் செய்பவரையும் சலங்கை கோர்ப்பவரையும் உட்கார வைக்கலாம். தங்கள் தொழிலைக் காட்டட்டும். புது வாடிக்கையாளரைப் பிடிக்கட்டும். நிகழ்ச்சித் தாளில் வாசிப்பவர் பெயருக்குக் கீழே வாத்தியம் செய்தவர் பெயரும் ஒரு வரியில் வரட்டும்.

5. கடன் காலத்தோடு வரட்டும்: தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் சுவநிதி கடன் 2020-ல் முதல் தவணை 10,000 ரூபாய் என்று தொடங்கியது. 2025-ல் அதை 15,000 ஆக்கினார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் சென்னையின் காலக் கணக்கைப் பாருங்கள். அக்டோபர், நவம்பர் இரண்டும் மழை மாதம், வியாபாரம் படுத்துவிடும். தீபாவளிக்கு வாங்கிய வட்டிக்கடன் தனி. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்து இருந்த சரக்கையும் நனைத்துவிட்டுப் போனது. சீசன் பிறக்கும்போது வியாபாரியின் கையில் முதல் இருக்காது. ஆகவே விண்ணப்பம் நிரப்பும் முகாமை ஆகஸ்டிலேயே போட வேண்டும். ஜனவரியில் வரும் கடன், கல்யாணம் முடிந்து வந்த நாயனம்!

நம் பங்கு என்ன?

“அரசாங்கம் செய்யட்டும், சபா செய்யட்டும்” என்று எழுதி முடித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் நாம் டிப்ளமா படிக்கிறோம். நம் கையில் தொழில் இருக்கிறது. சீசன் தொடங்கும்போது நம் பரீட்சையும் முடிந்திருக்கும்.

சிவில் நண்பர்கள் டேப் பிடித்து ஒரு தெருவை அளந்து, நடைவழி எவ்வளவு, கடைக்கு எவ்வளவு என்று வரைபடம் போட்டுவிடலாம். சர்வே பிராக்டிகலில் நம் வளாகத்தையே எத்தனை தடவை அளப்பது? மாநகராட்சிக்கு வெறும் மனு கொடுப்பதைவிட வரைபடத்தோடு மனு கொடுத்தால் மதிப்பு அதிகம்.

மெக்கானிக்கல் நண்பர்கள் மடக்கும் மேசை, தள்ளுவண்டிக்கு நல்ல பேரிங் என்று யோசிக்கலாம். எங்க அப்பா வண்டிச் சக்கரத்தின் சத்தம் அடுத்த தெரு வரை கேட்கும். அதைச் சரிசெய்ய ஒரு பட்டறை வகுப்பு போதும்.

எங்கள் மின்னியல் பிரிவுக்கு விளக்கு வேலை. கம்பத்திலிருந்து கொக்கி போடுவது ஆபத்து, தப்பும் கூட. கணக்கைப் பாருங்கள்: 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது. 7 வாட் எல்.இ.டி. பல்பு ஐந்து மணி நேரம் எரிய 35 வாட்-மணி போதும். அதாவது பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமலே ஒரு பூக்கடைக்குச் சாயங்காலம் முழுக்க வெளிச்சம் கிடைக்கும். ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். இருட்டில் பூவின் வாட்டம் தெரியாது என்று சந்தேகப்பட்டே நிறையப் பேர் வாங்காமல் போகிறார்கள்.

கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் அட்டவணையைத் தயாரிக்கட்டும். கியூ.ஆர். அட்டை இல்லாத வியாபாரிக்கு வாங்கிக் கொடுத்து, பணம் வந்ததா என்று பார்க்கச் சொல்லிக் கொடுக்கட்டும். “பணம் போட்டுட்டேன்” என்று திரையைக் காட்டிவிட்டுப் போகிறவர்களிடம் ஏமாந்தவர்கள் நிறைய.

நம்மில் பலர் வீட்டிலும் முதல் பட்டதாரி, முதல் டிப்ளமா என்ற நிலைதான். நம்மைப் படிக்க வைத்த காசு எங்கிருந்து வந்தது? தள்ளுவண்டியிலிருந்தும், தையல் மிஷினிலிருந்தும், காய்கறிக் கூடையிலிருந்தும்தான். படித்து முடித்து, வேலை கிடைத்து, சம்பளம் வாங்கி வீட்டைக் காப்பாற்றுவது ஒரு வழி. அது அவசியம். அதற்கு முன்பே, இந்த இரண்டாம் ஆண்டிலேயே, கற்ற எழுத்தையும் தொழிலையும் நம் தெருவுக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆகவே மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இது. வரும் அக்டோபரில் ஒரு சின்னக் குழு அமைப்போம். பிரிவுக்கு மூன்று பேர் போதும். சென்னை முழுக்க வேண்டாம். முதலில் மயிலாப்பூரில் நாலு தெரு மட்டும் எடுத்துக்கொள்வோம். அரங்கங்களுக்குப் போய் அட்டவணை கேட்போம். ஒரே தாளில் அச்சடித்து டிசம்பர் முதல் தேதிக்குள் சுவர்களில் ஒட்டுவோம். சீசன் முடிந்ததும் கடைக்காரர்களிடமே போய், எது உதவியது, எது உதவவில்லை என்று கேட்டு, அடுத்த ஆண்டு மலரில் எழுதுவோம். அச்சுக் கூலியை நம் சைக்கிள் ஸ்டாண்டு உண்டியலிலேயே சேர்த்துவிடலாம். சேர விரும்புகிறவர்கள் பேரவை அறையில் பெயர் கொடுங்கள். என் பெயரை முதலாவதாக எழுதிவிட்டேன்.

வாழ்க உழைப்பு! ஓங்குக மாணவர் ஒற்றுமை!